டாக்டர் சொன்னதும் அவள் சொன்னதும்

எங்கள் குடியிருப்பின் பின்பக்கச் சுவரை யாரோ தின்றுகொண்டிருந்தார்கள். மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்துக்குள் இருக்கும் பழைய கட்டடம் அது. மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. மோட்டார் ரூமை ஒட்டிய சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சுண்ணாம்பு அங்கங்கே வட்ட வட்டமாகக் காணாமல் போயிருந்தது. உள்ளே செங்கல் சிவப்பாக எட்டிப் பார்த்தது.

சங்கத்துச் செக்ரெட்டரி மாமா தினமும் காலையில் பல் குச்சியோடு வந்து அதைப் பார்வையிடுவார். "போர் தண்ணில உப்பு ஜாஸ்தியாயிடுத்து. அது சுவத்துல ஏறிண்டிருக்கு" என்பார். மறுவாரம் பழி அணில் மேல் விழுந்தது.

"அணில் சுண்ணாம்பு திங்குமா மாமா?" என்று கேட்டேன்.

"வெத்தலை போட ஆரம்பிச்சுடுத்தோ என்னவோ."

கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுச் சுவர் முழுவதையும் கொத்திவிட்டுப் பூசலாம் என்று பேச்சு எழுந்த சமயத்தில்தான் உண்மை எனக்குத் தெரியவந்தது. ஒரு மத்தியானம் மேல் தொட்டி நிரம்பித் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. வாட்ச்மேன் கடைக்குப் போயிருந்தார். மோட்டாரை நிறுத்த நானே இறங்கிப் போனேன். அங்கே வாட்ச்மேனின் பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு ஸ்பூன். உதட்டைச் சுற்றி வெள்ளை.

"வாயில என்னடி?"

"பவுடர் ஆன்ட்டி."

"பவுடரை மூஞ்சிலதானே போடுவாங்க?"

"வாய்க்கும் போடலாம்."

அவளுக்கு அப்போது ஏழு வயது இருக்கும். அப்பாவும் அம்மாவும் நேபாளத்து மலைப்பக்கத்துக்காரர்கள். இவள் தத்தித் தத்தி நடக்கிற வயதில் இங்கே வந்தவள். மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றை அறைதான் அவர்கள் வீடு. அப்பா கேட்டைப் பார்த்துக்கொள்வார், அம்மா மாடிப்படி பெருக்கித் துடைப்பாள். பெண்ணுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளைகள். அந்தத் தமிழில் 'நீங்கள்' என்று ஒரு வார்த்தையே கிடையாது. எங்கள் கட்டடத்தில் எல்லாரும் அவளுக்கு 'நீ'தான், செக்ரெட்டரி மாமா உட்பட.

ஆனால் மாமாவுக்கு அவள் மேல் நல்ல அபிப்பிராயம். நேபாளியில் அம்மாவை 'ஆமா' என்று கூப்பிடுவார்கள். மாமா இவளிடம் எதையாவது விசாரிக்கும்போதெல்லாம் இவள் உள்ளே திரும்பி "ஆமா! ஆமா!" என்று குரல் கொடுப்பாள். "எதைக் கேட்டாலும் ஆமாங்கறது. இந்தக் காலத்துல இப்படி ஒரு அடக்கமான கொழந்தை" என்று மாமா உருகுவார்.

"சுவரைத் தின்னியா?" என்று நேராகவே கேட்டேன். இனி மறைத்துப் பயனில்லை என்று தெரிந்ததும் அவள் முகத்தில் ஒரு நிபுணரின் களை வந்துவிட்டது.

"மய பேஞ்சா ஒரு வாசன வருமே ஆன்ட்டி, அந்த டேஸ்ட்டு. இந்தச் சுவருதான் சூப்பரா கீது. முன்னாடி கீறது பெயின்ட்டு, கசக்கும்."

முன்பக்கச் சுவரையும் ருசி பார்த்திருக்கிறாள்! அவள் கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்துவந்தேன். குச்சி மாதிரி இருந்தது கை. நகம் எல்லாம் வெளுப்பு. அவள் சேட்டையை நாங்கள் தினமும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் உடம்பை யாரும் பார்த்திருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவள் அம்மாவிடம் சொல்ல வேண்டும். இங்கேதான் என் ஹிந்தி வருகிறது. மாம்பலத்தில் வளர்ந்த பெண்கள் அநேகரைப் போல நானும் சின்ன வயதில் சாயங்கால டியூஷனுக்குப் போய் ஹிந்திப் பரீட்சைகளை வரிசையாகப் பாஸ் செய்தவள். சான்றிதழ்கள் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கின்றன. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெறும்வரை அந்த ஹிந்தியை ஒரு மனிதரிடமும் பேச வேண்டிய அவசியம் வந்ததில்லை. பசுவைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னால் எழுதுவேன். பேச்சு வேறு சமாச்சாரம்.

மாடிப்படியில் துடைப்பத்தோடு இருந்தாள் அம்மா. முப்பதுகூட ஆகியிராத பெண். கணவன் முன்பு டெல்லியில் வேலை பார்த்ததால் அவளுக்குக் கொஞ்சம் ஹிந்தி தெரியும் என்று கேள்விப்பட்டிருந்தேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னேன்: "ஆப்கீ புத்ரீ தீவார் கா பக்ஷண் கர்த்தீ ஹை."

உங்கள் புதல்வி சுவரைப் புசிக்கிறாள். இலக்கணத்தில் ஒரு பிழை கிடையாது.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். படியில் உட்கார்ந்து சிரித்தாள். பெண்ணிடம் ஏதோ சொன்னாள்.

"இன்னா சொல்றா?" என்றேன். இவளோடு பேசினால் எனக்கும் அந்தத் தமிழ் ஒட்டிக்கொள்ளும்.

"நீ டிவில சாமி பேசற மாரி பேசறியாம்."

பிறகு அவளே அம்மாவுக்கு நேபாளியில் விளக்கினாள். அம்மா பெருமையோடு தலையாட்டி அவள் உச்சந்தலையைத் தடவினாள்.

"நீ என்னடி சொன்ன?"

"நான் சுவத்த தொடச்சிகினு இருந்தேன்னு சொன்னேன். நீ மெச்சிகினேன்னு சொன்னேன்."

மொழியை நம்பிப் பயனில்லை என்று முடிவு செய்து, படிக்கட்டுச் சுவரில் நகத்தால் சுரண்டி வாயில் போட்டு மெல்லுவதுபோல் நடித்துக் காட்டினேன். அந்த நேரம் பார்த்து இரண்டாம் மாடிக்காரர் காய்கறிப் பையோடு இறங்கி வந்தார். இன்றுவரை அவர் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

ஆனால் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு போய், பெண்ணின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தாள். டாக்டரிடம் போகலாமா என்று நான் 'டாக்டர்' என்ற ஒரே வார்த்தையைச் சொன்னதும், "ஹுன்ச" என்றாள். சரி என்று அர்த்தம். நேபாளியில் நான் கற்றுக்கொண்ட முதல் வார்த்தை.

சைதாப்பேட்டையில் ஒரு கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில் குழந்தைகளைப் பார்க்கும் டாக்டரம்மா கெட்டிக்காரி என்று எங்கள் வீட்டுக்குப் பால் போடுகிற பெண் சொல்லியிருந்தாள். மூவரும் மின்சார ரயிலில் போனோம். மாம்பலத்தில் ஏறினால் அடுத்த ஸ்டேஷனே சைதாப்பேட்டை. இவ்வளவு சீக்கிரம் ஊர் வந்துவிட்டதே என்று பெண்ணுக்கு ஒரே வருத்தம்.

டாக்டருக்கு நாற்பது வயதிருக்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு எங்கேயோ வைத்துவிட்டோமே என்று தேடுகிற ரகம். பெண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், நகத்தை அழுத்திப் பார்த்தார்.

"மண்ணு கிண்ணு திங்கறாளா?"

"மண்ணா? சீ!" என்றாள் பெண், உண்மையான அருவருப்போடு.

"சுவர்?"

"சுவரு வேற."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரின் கதையைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "ரத்தம் கம்மியா இருந்தா சில கொழந்தைங்களுக்கு இப்படித்தான் கண்டதையும் திங்கத் தோணும். பலப்பம், சாம்பல், அரிசி... சுவர்கூடப் பாத்திருக்கேன்" என்றார். "இங்க நெறைய வர்றாங்க. ஒடிசா, பீகார், நேபாளம். கட்டட வேலைக்கு வந்தவங்க, ஹோட்டல்ல வேலை பாக்கறவங்க. அப்பா அம்மாவுக்கு நம்ம பேச்சு தெரியாது. அவங்க பேச்சு எனக்குத் தெரியாது. நடுவுல பேஷன்ட்டே பேசிக் குடுக்கும். எனக்கு ஹிந்தில 'வாயைத் தொற' மட்டும்தான் தெரியும். அதை வெச்சே பாதி நாள் ஓட்டிடறேன்."

"ஆன்ட்டிக்கு ஹிந்தி தெரியும்" என்று பெண் என்னைக் காட்டிக்கொடுத்தாள். "ஆனா சாமி ஹிந்தி."

ஆக, அன்றைய மொழிபெயர்ப்பாளர் பதவி நோயாளிக்கே போயிற்று. பூச்சி மாத்திரையை நர்ஸ் அங்கேயே கடித்துத் தின்ன வைத்துவிட்டார். அதில் மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. மற்றதெல்லாம் இவள் வாய் வழியாகத்தான் அம்மாவுக்குப் போனது.

"இது இரும்புச் சத்து டானிக். தினமும் குடுக்கணும்" என்றார் டாக்டர். பெண் நேபாளியில் ஏதோ சொன்னாள். அம்மா நெற்றியைச் சுருக்கித் திருப்பிக் கேட்டாள். பெண் டாக்டரைக் கைகாட்டி அழுத்தமாகத் திரும்பச் சொன்னாள். அம்மா "ஹுன்ச" என்றாள்.

"கீரை, முட்டை, பேரீச்சம்பழம் சாப்பிடணும். டீ குடிக்கிறியா?"

"மூணு வாட்டி" என்றாள் பெருமையாக.

"டீ கூடாது. சாப்பாட்டுச் சத்து உடம்புல ஒட்டாது."

டாக்டர் சொன்னது ஐந்தாறு வார்த்தை. மொழிபெயர்ப்பு அரை நிமிஷத்துக்கு மேல் போனது. அம்மாவின் கண்கள் அகலமாகிக்கொண்டே வந்தன. நடுவில் 'சாக்லெட்' என்று ஒரு வார்த்தை வந்தது என் காதில் தெளிவாக விழுந்தது.

"நான் சாக்லெட்டே சொல்லலையே?" என்றார் டாக்டர்.

"அது நேபாளில வேற அர்த்தம் டாக்டர்."

வெளியே கூட்டம் நெருக்கியது. டாக்டர் அடுத்த குழந்தையைக் கூப்பிட்டார். மருந்து பாட்டில் கையில் இருக்கிறது, அம்மாவுக்குப் புரிந்துவிட்டது, இதற்குமேல் என்ன தவறாகப் போய்விடும் என்று நானும் கிளம்பினேன்.

அடுத்து வந்த வாரங்களில் எங்கள் கட்டடத்தில் சில அதிசயங்கள் நடந்தன. வாட்ச்மேன் தானே துடைப்பம் எடுத்து மாடிப்படி பெருக்கினார். தண்ணீர் பக்கெட்டை அவரே தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிவரை வந்தார். என்ன விஷயம் என்று கேட்டதற்கு "டாக்டர் போலா" என்றார். டாக்டர் சொன்னாராம். பெண்ணுக்கு உடம்பு சரியில்லாததற்கு இவரை எதற்குப் பெருக்கச் சொன்னார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் முதல் மாடிப் பெண்மணி தன் கணவரைக் கூட்டிவந்து அந்தக் காட்சியைக் காட்டினாள் என்பதால், அதைக் கிளறாமல் விட்டேன். பெண் அவ்வப்போது சாக்லெட்டோடு தென்பட்டாள். "மருந்து" என்றாள்.

அந்தச் சமயம் கலிபோர்னியாவில் இருக்கும் என் தங்கை போன் செய்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். அவளுக்கு ஒன்பது வயதில் ஒரு மகன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள். "அக்கா, இங்க நான் பேசற இங்கிலீஷ் அந்தப் பல் டாக்டருக்குப் புரியலைன்னு இவன்தான் எல்லாத்தையும் பேசறான். பல் தேய்ச்சதும் ஐஸ்கிரீம் சாப்பிட்டா ஈறுக்கு நல்லதுன்னு அவர் சொன்னதா வீட்டுக்கு வந்து சொன்னான். நான் ஆறு மாசமா வாங்கிக் குடுத்துண்டிருக்கேன்" என்றாள். போனை வைப்பதற்கு முன்பே "டேய், இங்க வா!" என்று கூப்பிடும் சத்தம் கேட்டது.

அப்போதாவது எனக்கு முழுசாகச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுபடி சைதாப்பேட்டைக்குப் போனோம். எடை பார்க்கும் மெஷினில் பெண்ணை நிற்க வைத்தார்கள். முள் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. இமையும் பழைய வெளுப்புதான். டாக்டர் புருவத்தை உயர்த்தினார்.

"டானிக் ஒழுங்கா குடுத்தாங்களா?"

பெண் கேட்டாள். அம்மா பையிலிருந்து காலி பாட்டிலையே எடுத்துக் காட்டினாள். கழுவிக்கூட வைத்திருந்தாள்.

"வெளிக்குப் போறது கறுப்பா இருக்கா? இந்த டானிக் குடிச்சா அப்படித்தான் இருக்கும்."

பெண் கேட்டாள். அம்மா முகம் சிவந்து, தலையைக் குனிந்து, லேசாக ஆட்டினாள். மகள் வெளிக்குப் போவதைக் கேட்டால் அம்மா எதற்கு இப்படி வெட்கப்படுகிறாள்? எனக்குள் ஏதோ தட்டியது. பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருப்பதைப் போல நிமிர்ந்துகொண்டு கேட்டேன்: "ஔஷதி கா சேவன் கௌன் கர்த்தா ஹை?"

மருந்தை உட்கொள்வது யார்?

அம்மா இந்த முறை சிரிக்கவில்லை. தன் மார்பில் கைவைத்து, "மை" என்றாள். நான்தான்.

அத்தனை வருஷம் பீரோவில் கிடந்த என் ஹிந்தி பிழைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வியால்தான். பெண் மின்விசிறியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார்.

"நான் என்னம்மா சொன்னேன், நீ என்னம்மா சொன்னே?"

"நீ சொன்னத்ததான் சொன்னேன். ஆளத்தான் மாத்தினேன்."

"ஏன்?"

அவள் காலால் தரையைத் தேய்த்தாள். "நான் நல்லாத்தான் கீறேன். ஓடறேன், ஆடறேன். ஆமாதான் படியில குந்திக்கும். கண்ணு இருட்டுதுன்னு செவுத்த புடிச்சிக்கும். டாக்டராண்ட வான்னா வரமாட்டேங்குது. எனக்குன்னா மட்டும் ஒடனே வந்துச்சி. அதான், அதுக்கு சொல்லிட்டேன். முட்ட அதுக்கு, பேரீச்சம்பயம் அதுக்கு. பக்கெட்டு தூக்கக் கூடாதுன்னு நானே சேத்துகினேன்."

நர்ஸ் ஊசி டப்பாவை மூடாமல் நின்றார்.

"அப்போ சாக்லெட்?" என்றார் டாக்டர்.

"அது எனக்கு. பேசிக் குடுத்ததுக்கு."

டாக்டர் சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அம்மாவின் பக்கம் வந்து, அவள் கீழ் இமையை இழுத்தார். சிரிப்பு நின்றது. அந்த இமை மகளுடையதைவிட வெளுத்திருந்தது, எனக்கே தெரிந்தது. "கொழந்தைங்களுக்குக் குடுக்கற அளவு இது, இவங்களுக்கு எந்த மூலைக்குப் பத்தும்?" என்று சொல்லி அன்றே ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். பயந்ததைப் போலவே ரத்த அளவு குறைவாகத்தான் வந்தது. அம்மாவுக்குத் தனியாக மாத்திரை, மகளுக்கு மறுபடியும் அதே டானிக். இந்த முறை டாக்டர் மருந்தை ஒவ்வொன்றாகத் தூக்கி, சம்பந்தப்பட்ட ஆளின் தலையில் தட்டிக் காட்டினார். எந்த மொழியிலும் மாற்ற முடியாத மொழிபெயர்ப்பு.

நடந்ததை அம்மாவுக்கு விளக்க வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. 'ரக்த்', 'அல்ப்', 'மாதா', 'சிந்தா' என்று, அதாவது ரத்தம், குறைவு, தாய், கவலை என்று, எனக்குக் கிடைத்த வார்த்தைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு மகளின் காதைப் பிடித்துத் திருகினாள். திருகிய கையை எடுக்காமலே அவளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். ரயிலில் வரும்போதும் அந்தக் கை அங்கேயே இருந்தது.

அதற்குப் பிறகு காலையில் மருந்து நேரம் என் வீட்டு வாசலில் நடந்தது. இரண்டு பேரும் எதிரெதிரே நின்று, ஒருத்தி மாத்திரை விழுங்கும்வரை மற்றவள் டானிக்கைத் தொடமாட்டாள். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கையில்லை. வாட்ச்மேன் பக்கெட் தூக்குவதை நிறுத்தவில்லை. டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை என்ற உண்மையை அவருக்கு யாரும் தெரிவிக்கவுமில்லை. செக்ரெட்டரி மாமாவிடம் மட்டும் நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டுக் கான்ட்ராக்டரை வரவேண்டாம் என்றார். மறுநாள் ஒரு டப்பா நிறைய பேரீச்சம்பழத்தை அந்த அறை வாசலில் வைத்துவிட்டு, யாரோ வைத்திருக்கிறார்கள் என்று என்னிடமே வந்து சொன்னார்.

மூன்றாவது முறை போனபோது பெண்ணின் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. அம்மா படியேறி வந்து மூச்சு வாங்காமல் நின்றாள். ஆனால் டாக்டருக்கு ஏதோ திருப்தியில்லை. "இன்னும் நல்லா ஏறியிருக்கணுமே. டானிக் தினமும் உள்ள போகுதா?" என்றார். வழக்கம்போல மகளின் பக்கம் திரும்பினார்.

மகள் வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் வந்தாள்.

"டாக்டரம்மா," என்றாள். "நீ சொல்லு, நான் கேக்கறேன். இது பேச வாணாம்."

நான் பையைக் கீழே போட்டுவிட்டேன். இஸ்திரி வண்டிக்காரப் பெண் மத்தியானங்களில் இவளோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். துணி மடிக்கிற பேச்சு என்று நினைத்திருந்தேன். இத்தனை மாதமாக அங்கே ஒரு பள்ளிக்கூடமே நடந்திருக்கிறது.

"ஆன்ட்டி வூட்டாண்ட வாய்ல வெச்சிக்கும். முயுங்காது. கீய வந்து தொளசி செடில துப்பும். நான் பாத்துகினு கீறேன். நாலு வாட்டி பாத்தேன். பொய் ஜாஸ்தி பேசுது டாக்டரம்மா, கண்டிச்சி வையி."

பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தன் துளசிச் செடி ரகசியம் வெளிவந்ததைவிட, தன் அம்மா தமிழில் பேசுகிறாள் என்பதுதான் அவளை அடித்துப் போட்டது. வாயைப் பிளந்துகொண்டு அம்மாவையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி," என்று என் புடவையை இழுத்தாள். "இதுக்கு எல்லாமே தெரியுமா? அப்ப இத்தினி நாளு நான் இஸ்திரி வண்டியாண்ட பேசினதெல்லாம்?"

"கேட்டிருப்பா."

அவள் கணக்குப் போட்டுப் பார்க்கிற மாதிரி விரல்களை மடக்கினாள். ஒவ்வொரு விரலுக்கும் முகம் இன்னும் கொஞ்சம் சுருங்கியது. டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டு, ஸ்பூனில் டானிக் ஊற்றச் சொன்னார். அம்மா வாங்கி நீட்டினாள். மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் விழுங்கி, வாயை ஆவென்று திறந்து காட்டினாள்.

திரும்பும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. பெண் ஜன்னல் பக்கம் திரும்பி, அம்மாவிடம் பேசுவதில்லை என்று உட்கார்ந்திருந்தாள். அம்மா அதைப் பொருட்படுத்தவில்லை. எதிர் சீட்டில் கூடையோடு இருந்த பெண்மணியிடம், முருங்கைக்கீரை கட்டு என்ன விலை, இளசா முத்தலா, எப்படி ஆய வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தமிழில் விசாரித்துக்கொண்டு வந்தாள்.